வெயிலில் வற்றிய ஆறு

ஜூன் 11, புதன்

காலை 3. மதியம் 4. சாயங்காலம் 6.

ரித்து மேடம் எழுதச் சொன்னது இந்த மூன்று எண்கள் மட்டும்தான். ஆற்றோரப் பாறையில் சிவப்புப் பெயிண்டால் கீழிருந்து மேலாகப் பத்துக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஒரு சாண். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்த எண்ணை எழுத வேண்டும். காலை ஆறு மணி, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்து. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எண் எழுதத் தெரியுமல்லவா, அது போதும் என்று சிரித்தார்.

நோட்டு பெரிய நோட்டு. மூன்று எண் எழுதினால் பக்கத்தில் பாக்கி எல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. காகிதத்தை வீணாக்க மனசு வரவில்லை.

என் பேர் பாவாயி. ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். இமாச்சலத்து மலைக்குள்ளே ஒரு பாலம் கட்டப் போகிறார்கள். அதற்காகப் பாறையைத் துளைத்துப் பார்க்க வந்திருக்கும் எங்கள் ஊர் ரிக் வண்டி ஆட்கள் பதினொரு பேருக்குச் சமைக்கிறேன். போன வருசமும் இங்கேதான் சமைத்தேன். போன வருசம் என் வீட்டுக்காரர் இருந்தார்.

ஜூன் 12, வியாழன்

காலை 3. மதியம் 4. சாயங்காலம் 6.

இந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. ஆறு விசில் விட்டேன். இருந்தும் நடுவில் நறுக்கென்றது.

ஜூன் 15, ஞாயிறு

காலை 3. மதியம் 5. சாயங்காலம் 6.

சாப்பாட்டுக் கொட்டகையில் அவர் படத்தை மாட்டியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே 'வண்டியைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டவர்' என்று எழுதியிருக்கிறது. குமரேசன் நாமக்கல்லில் எழுதி வாங்கி வந்தது. குமரேசன் என் கொழுந்தன், அவருக்கு நேர் இளையவன். இப்போது அவன்தான் மேஸ்திரி. போன வருசம் வெள்ளம் வந்த அன்று பெண்டாட்டி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். நான் இருந்திருந்தால் அண்ணனைத் தனியே லாரியிடம் போக விட்டிருக்க மாட்டேன் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவர் துளை போடும் ராடுகளை ஏற்றும் லாரிக்கு டிரைவர். மற்ற ஆட்கள் எல்லாரும் மேட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே நாங்கள் இரண்டு பேர்தான். வெள்ளம் லாரியை உருட்டிக்கொண்டு போய்ப் பாறைக்குள் புதைத்துவிட்டது. அவர் கிடைக்கவே இல்லை. வண்டியை எடுக்கத்தான் ஓடியிருப்பார் என்று அன்றைக்கு யாரோ சொன்னார்கள். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

இன்றைக்கு அரிசி பருப்புச் சாதம். அவருக்குப் பிடிக்கும்.

ஜூன் 19, வியாழன்

காலை 3. மதியம் 5. சாயங்காலம் 7.

ரித்து மேடம் வந்தார். மலை உச்சிப் பனியை அளக்கும் வேலை அவருக்கு. போனில் இரண்டு படம் காட்டினார். ஒன்று அவர் பிறந்த வருசம் எடுத்தது. பனி ஒரு பெரிய நாக்கு மாதிரி பள்ளத்தாக்கில் தொங்குகிறது. மற்றது போன மாசம் எடுத்தது. நாக்கு உள்ளே போய்விட்டது. அது கிடந்த இடத்தில் ஒரு ஏரி. கரை என்று கட்டினது எதுவும் இல்லை. பனி தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல்லும் மண்ணும்தான் கரை. சூடு கூடக் கூடப் பனி உருகுகிறது, ஏரி பெருகுகிறது என்றார். பக்கத்து வயலில் பட்டாணி போட்டிருக்கும் பதம் தேவியும் இருந்தாள். தான் கல்யாணமாகி வந்தபோது அங்கே ஏரியே கிடையாது, ஆடு மேய்க்கிறவர்கள் பனி மேலேயே நடந்து அந்தப் பக்கம் போவார்கள் என்றாள்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எங்கள் ஊரில் வெயில் ஆற்றைக் குடித்துவிடும். இங்கே வெயில்தான் ஆற்றை ஊற்றுகிறது. அதனால்தான் காலையில் மூன்று, சாயங்காலம் ஏழு.

மேடம் போகும்போது ஒன்று கேட்டார். போன வருசம் வெள்ளம் வருவதற்கு முன்னால் ஆறு குறைந்ததா, யாராவது பார்த்தார்களா? பனிப்பாளமோ மண்ணோ சரிந்து மேலே ஆற்றின் வழியை அடைத்தால் இங்கே தண்ணீர் வற்றும். பின்னால் தேங்கினது உடைத்துக்கொண்டு வரும். யாராவது ஒரு ஆள் பார்த்ததாகச் சொன்னால் கீழே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கையாக எழுதிப்போடலாம் என்றார்.

நான் அடுப்படியில் இருந்தேன், பார்க்கவில்லை என்றேன்.

ஜூன் 23, திங்கள்

காலை 3. மதியம் 5. சாயங்காலம் 7.

மகள் போன் செய்தாள். ஆடி அமாவாசைக்குள் காரியத்தை முடிக்க வேண்டுமாம். உடம்பு கிடைக்காவிட்டால் என்ன, சோற்று உருண்டை வைத்து ஆற்றில் விட்டால் போதும் என்று பங்காளிகள் சொல்கிறார்களாம். நீ தாலியோடு திரிவதை ஊரே பேசுகிறது அம்மா என்றாள். உடம்பைப் பார்க்காமல் கழற்ற மாட்டேன் என்றேன். அழுதாள். சிக்னல் போய்விட்டது.

ஜூன் 28, சனி

காலை 4. மதியம் 6. சாயங்காலம் 8.

என்ன வெயில். பதம் தேவியின் பட்டாணிப் பூ கருகுகிறது. குளிர்காலத்தில் பனியே சரியாக விழவில்லை என்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

காலை 2. மதியம் 5. சாயங்காலம் 8.

இராத்திரி மேகம் இல்லாமல் நல்ல குளிர். விடியும்போது ஆறு இரண்டுக்கு இறங்கியிருந்தது. குமரேசன் என்னோடு கோடு பார்க்க வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கீழே ஆற்றுக்கு நடுவில் பாறைகளுக்கு இடையே லாரி கேபினின் மேல்தகடு தெரிந்தது. உள்ளங்கை அகலம்.

"நங்கையா, அண்ணன் அதுக்குள்ளதான் கெடக்குறாரு" என்றான். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். "தண்ணி இன்னும் கொஞ்சம் வத்துட்டும். கதவ ஒடச்சு அண்ணன எடுத்துருவேன். ஊருக்குக் கொண்டுபோயி அடக்கம் பண்ணுவேனுங்."

ஆற்றில் இறங்காதே என்றேன். ஏன் என்றான். சொல்ல வாயெடுத்தேன். குக்கர் விசில் அடித்தது. போய்விட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

காலை 3. மதியம் 5. சாயங்காலம் 8.

கொள்ளுப் பருப்பு தாளிக்கப் பெருங்காயம் கேட்டு ரிக் ஆள் ராசப்பன் மேல் தட்டில் இருந்த டப்பாவை எடுக்கப் போனான். அதைத் தொடாதே, அது காலி என்று கத்திவிட்டேன். காலி டப்பாவுக்கா இத்தனை கோபம் என்று சிரித்தான்.

ஜூலை 8, செவ்வாய்

காலை 4. மதியம் 6. சாயங்காலம் 8.

டவுனிலிருந்து புது அலுமினிய அண்டா வாங்கி வந்திருக்கிறார்கள். வேண்டாம் என்றேன். இரண்டு சின்னக் குண்டாவிலேயே சமைத்துக்கொள்கிறேன். ராசப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனக்கா, அண்டாவப் பாத்தா மாமியாளப் பாத்தாப்புல மூஞ்சத் திருப்பறீங்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்டா கொட்டகைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

காலை 5. மதியம் 7. சாயங்காலம் 9.

ரித்து மேடம் போன் செய்தார். மேலே ஏரி ததும்புகிறதாம். ஏரிக்கு மேல் தொங்கும் பனியில் வெடிப்பு விட்டிருக்கிறதாம். எண் எதுவும் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் உடனே கூப்பிடு என்றார். அபாயச் சங்கு வைக்கக் கம்பம் மட்டும் நட்டிருக்கிறார்கள். சங்கு இன்னும் வரவில்லை. கம்பத்தில் ராசப்பன் துணி காயப்போடுகிறான்.

ஜூலை 17, வியாழன்

காலை 4. மதியம் 6. சாயங்காலம் 8.

ஆடி ஒன்று. ஊர் வழக்கப்படி தேங்காய் சுட்டார்கள். கண்ணைத் துளைத்து உள்ளே வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் போட்டு, குச்சியில் குத்தி நெருப்பில் காட்டினார்கள். இந்த ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பதம் தேவிக்கு ஒரு துண்டு கொடுத்தேன். பல் சூடுபட்டுக் குதித்தாள்.

குமரேசன் தின்னவில்லை. அமாவாசைக்கு ஏழு நாள் இருக்கிறது, அதற்குள் அண்ணனை எடுத்துவிடுவேன் என்று படத்தின் முன்னால் நின்று சொன்னான். கடப்பாரை, கம்பி வடம் எல்லாம் தயாராக வைத்திருக்கிறான். சாவி உள்ளேயே இருக்கும், கதவு பூட்டியிருக்காது, நெம்பத் தேவைப்படாது என்று ராசப்பனிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

காலை 4. மதியம் 7. சாயங்காலம் 9.

தலைவலி.

ஜூலை 19, சனி

காலை 4. மதியம் 7. மூன்று மணிக்கு 1.

சாயங்காலம் பாறையே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று எண்ணுக்கு மேல் எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி தட்டில் பட்ட சத்தம் பெரிதாகக் கேட்டது. பிறகு ஒரு காக்கை கத்தியது கேட்டது. இங்கே வந்த நாள் முதல் ஆற்று இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தித்தான் பேசுகிறோம். அந்த இரைச்சல் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றாவது கோடு. பாறையின் அடி கருப்பாக ஈரமாகத் தெரிந்தது. மதியம் ஏழு இருந்தது. தலைக்கு மேல் வெயில் தகிக்கிறது. அந்த நேரத்துக்கு ஆறு ஏற வேண்டும். இறங்கவே கூடாது.

மற்ற ஆட்கள் மேட்டில் ரிக்கில் இருக்க, குமரேசனும் ராசப்பனும் இன்னும் மூன்று பேரும் ஆற்றுக்கு நடுவில் இருந்தார்கள். லாரியின் மேல்தகடு, கண்ணாடிச் சட்டம், பாதிக் கதவு எல்லாம் வெளியே வந்துவிட்டது. 'அர்த்தனாரீஸ்வரர் துணை' என்று நெற்றியில் எழுதியதும் தெரிந்தது. கம்பி வடத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரித்து மேடத்துக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மேலே வாங்க என்று கத்தினேன். இரைச்சல் இல்லாததால் நன்றாகக் கேட்டது. குமரேசன் சிரித்த முகத்தோடு திரும்பினான்.

"ரெண்டு நாளா மழ இல்லீங் நங்கை. வெயிலு இந்தக் காச்சுக் காச்சுது. தண்ணி வத்தாம என்ன பண்ணும்?"

போன வருசம் அவரிடம் நான் சொன்னதும் இதேதான். வெயிலில் வற்றியிருக்கிறது என்றேன்.

"வா குமரேசு. அதுல அவரு இல்ல."

"உங்குளுக்கு எப்புடிங் தெரியும்?" கேட்டுவிட்டு மறுபடி குனிந்து வடத்தை இழுத்தான்.

அடுப்படிக்கு ஓடினேன். பெருங்காய டப்பாவை எடுத்தேன். மூடி இறுகியிருந்தது. கல்லில் அடித்துத் திறந்தேன். சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி கரைக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டினேன். சிவப்புக் கயிறு கட்டிய சாவி. அவன் கட்டின கயிறுதான். அவனுக்குத் தெரியும்.

"சாவி என்கிட்ட இருக்குது. வண்டிய எடுக்க உன்ற அண்ணன் போகவே இல்ல. என்ற அண்டாவ எடுக்கப் போனாரு. இதே மாதிரி ஆறு வத்திக் கெடந்துச்சு. நாந்தான் போகச் சொன்னேன்."

அவன் கையிலிருந்த கடப்பாரை கல்லில் விழுந்தது. அந்தச் சத்தமும் கேட்டது.

அப்புறம் அவன் மேலே ஏறினான். பாறைக்குப் பாறை தாவி ஏறினான். அந்த முகத்தை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னை அடித்துவிடுவான் என்று பயந்து, அவனைப் பிடித்து நிறுத்த மற்ற நாலு பேரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அவன் கரைக்கு வந்ததும் நான் பின்னால் நகர்ந்தேன். மேட்டைப் பார்த்து நகர்ந்தேன். குடு என்று கையை நீட்டினான். கொடுக்கவில்லை. சாவியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இன்னும் நாலு அடி மேலே ஏறினேன். அவனும் ஏறினான். எல்லாரும் ஏறினார்கள். கொட்டகையையும் தாண்டி, அந்தச் சங்குக் கம்பம் வரைக்கும் அப்படியே பின்னால் நடந்தேன்.

அங்கே என் கையைப் பிடித்துவிட்டான். அப்போதுதான் சத்தம் வந்தது. பத்து ரிக் வண்டியின் கம்ப்ரசரை ஒன்றாகப் போட்ட மாதிரி. முதலில் காற்று வந்தது, ஐஸ் பெட்டியைத் திறந்தாற்போல. அப்புறம் வந்ததைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. சேறு, பாறை, மாடு அளவு பனிக்கட்டிகள், முழு மரங்கள். லாரி ஒரு தரம் எழுந்து நின்றது. அடுத்த தரம் பார்த்தபோது இல்லை. கொட்டகையின் கீழ்ப்பக்கத் தகரத்தை உரித்துக்கொண்டு போனது.

ராசப்பன் கீழ் ஊருக்குப் போன் பேசிக்கொண்டே அழுதான். அங்கே பதம் தேவியின் மகன் எடுத்தான். எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.

குமரேசன் என் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டான். "ஒரு வருசமா?" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

ஜூலை 21, திங்கள்

ரித்து மேடம் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவையும் போன தடவையும்.

போன தடவை நடந்தது இது. பாத்திரம் தேய்க்க ஆற்றோரம் வைத்த அண்டாவைத் தண்ணீர் இழுத்துப்போய் நடுப்பாறையில் செருகிவிட்டது. இரண்டு நாளாகக் கண்ணுக்குத் தெரியும், எட்டாது. மூன்றாம் நாள் மதியம் ஆறு வற்றியது. அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். எழுப்பினேன். சாயங்காலம் பார்க்கலாம் என்றார். வெயிலில் தண்ணீர் வற்றியிருக்கும்போதே எடுக்காமல் எப்போது எடுப்பது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு அண்டா எடுத்துத் தரக்கூட வக்கில்லை என்று சொன்னேன். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். அண்டாவைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். லாரிச் சாவி எப்போதும்போல அடுப்படி ஆணியில் தொங்கியது. அதை நான்தான் எடுத்து ஒளித்தேன். எல்லாரும் வண்டி வண்டி என்று சொன்னபோது எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஆறு வற்றியதிலிருந்து வெள்ளம் வரும்வரை எவ்வளவு நேரம் இருக்கும் என்று மட்டும் மேடம் கேட்டார். இந்தத் தடவை நான் பார்த்த பிறகு இருபது இருபத்தைந்து நிமிசம் இருக்கும். போன தடவை அதைவிடக் குறைவு. அண்டா எடுத்துவிட்டுத் திரும்பி வரும் நேரம்கூட இல்லை. எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

போன மாசம் அவர் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

புதுப் பாறை. ஆற்றோரமாகவே கொஞ்சம் தள்ளி. நானே பெயிண்ட் அடித்தேன். சாண் வைத்து அளந்து பத்துக் கோடு.

காலை 4. மதியம் 5. சாயங்காலம் 6.

குமரேசன் சாப்பிட வருகிறான். தட்டை நீட்டுகிறான். நங்கை என்று கூப்பிடுவதில்லை. எதுவும் கூப்பிடுவதில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை இன்றைக்கு அரத்தால் சுரண்டி எடுத்துவிட்டான். படத்தை எடுக்கவில்லை. பேர் மட்டும் இருக்கிறது.

ஜூலை 23, புதன்

காலை 3. மதியம் 5. சாயங்காலம் 7.

மகளிடம் சொன்னேன். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அப்பா சிரித்தாரா அம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நாளைக்குக் காரியம் செய்ய வேண்டும், நீதான் செய்ய வேண்டும் என்று ராசப்பன் மூலமாகக் குமரேசனுக்குச் சொல்லி அனுப்பினேன். அரிசியை ஊறப்போட்டேன். புது அண்டாவை எடுத்துக் கழுவினேன். நாளைக்கு எல்லாருக்கும் அதில்தான் சமைக்க வேண்டும்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

விடிந்ததும் கழுத்தில் இருந்ததைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டேன். பதம் தேவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாது. என் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தால் குமரேசன் குடத்துத் தண்ணீரில் தலை முழுகி, ஈர வேட்டியோடு கரையில் நிற்கிறான். குளிரில் தாடை ஆடுகிறது. கையில் இலையில் மூன்று சோற்று உருண்டை, எள். இலையின் ஓரத்தில் சிவப்புக் கயிறு போட்ட சாவி. மற்ற ஆட்கள் பின்னால் நிற்கிறார்கள். ஒருவரும் ஆற்றைத் தொடவில்லை. அவன் தண்ணீருக்கு இரண்டடி முன்னால் நின்றான். காலை எடுத்து வைக்கவில்லை. திரும்பி என்னைத் தேடினான்.

"எறங்கலாமுங்களா, நங்கை?"

நான் பாறையைப் பார்த்தேன். மூன்றாவது கோடு. மேலே மலை முகட்டில் இன்னும் வெயில் படவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டேன். இரைச்சல் முழுசாக இருந்தது.

எறங்கு குமரேசு, சீக்கிரம் ஏறிவிடு என்றேன். அவன் மேலே வந்து துண்டைப் போர்த்திக்கொள்ளும் வரைக்கும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

காலை 3.

மதியம் 5.

சாயங்காலம் 7.